படம் எடுப்பவருக்குப் படம் புரியக் கூடாதா?

"எக்ஸ்ரே எடுப்பது ரேடியோகிராபர் வேலை, அதைப் படிப்பது டாக்டர் வேலை." துணை மருத்துவப் படிப்பு நடத்தும் கல்லூரிகளில் இந்த வாக்கியத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. பேராசிரியர்கள் சொல்கிறார்கள், ரேடியாலஜிஸ்டுகள் சொல்கிறார்கள், ஸ்கேன் சென்டர் நடத்துகிறவர்கள் சொல்கிறார்கள். ரேடியோகிராபர்களில் பலரும் அதையே சொல்கிறார்கள். அங்கிருந்து அடுத்த முடிவுக்கும் போய்விடுகிறார்கள். மாணவருக்கு உடற்கூறு தெரிய வேண்டும், கதிர் இயற்பியல் தெரிய வேண்டும், நோயாளியைச் சரியாக நிறுத்தவும் படுக்கவைக்கவும் தெரிய வேண்டும். நோய் படத்தில் எப்படித் தெரியும் என்று அவருக்குக் கற்றுக்கொடுப்பது வீண்வேலை, ஏன், ஆபத்தும்கூட என்பதே அந்த முடிவு.

இந்தக் கட்சிக்கு நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. நோயறிதல் என்பது படத்தை மட்டும் பார்த்துச் செய்வதல்ல. நோயாளியின் வரலாறு, தொட்டுப் பார்த்த பரிசோதனை, ரத்தச் சோதனை எல்லாவற்றையும் சேர்த்து எடை போட எம்.பி.பி.எஸ்.ஸும் அதற்கு மேல் மூன்றாண்டு முதுநிலைப் படிப்பும் தேவைப்படுகின்றன. தவறான முடிவு சொன்னால் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர். போலி மருத்துவர்கள் இன்னும் ஒழியாத நாட்டில், ஊசி போடத் தெரிந்தவர் மருத்துவராகிவிடுவதைப் போல, படத்தைப் பார்க்கத் தெரிந்தவர் தெருமுனையில் பலகை மாட்டிவிடுவார் என்ற அச்சத்துக்கும் காரணம் உண்டு. பாடத்திட்டமும் நிரம்பி வழிகிறது. இத்தனையையும் ஒப்புக்கொள்ளலாம். இறுதி ரிப்போர்ட் ரேடியாலஜிஸ்டுடையது என்பதிலும் இங்கே சச்சரவு இல்லை.

சச்சரவு, இவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவில்தான். கையெழுத்துப் போடும் உரிமை இல்லாதவருக்குப் பார்க்கும் அறிவும் வேண்டாம் என்கிறார்களே, அது தவறு. அந்தத் தவறின் விலையை நோயாளி கொடுக்கிறார்.

1. "எடுப்பது வேறு, படிப்பது வேறு."

உண்மையில் வேறுதானா? முழங்காலில் அடிபட்ட ஒருவர் ஸ்ட்ரெச்சரில் வருகிறார். சீட்டில் 'முழங்கால், நேர்ப்படம், பக்கவாட்டுப் படம்' என்று மட்டும் இருக்கிறது. பக்கவாட்டுப் படத்துக்குப் பழக்கமான முறை, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து மேலிருந்து கதிரைச் செலுத்துவது. படம் சுத்தமாக வரும். நிலைப்படுத்தலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் டிபியா எலும்பின் மேல்தட்டில் மூட்டுக்குள் இறங்கும் மெல்லிய கீறல் அதில் தெரியாமல் போகலாம். அதே நோயாளியை மல்லாந்தபடியே விட்டு, டிடெக்டரைக் காலின் பக்கத்தில் செங்குத்தாக நிறுத்தி, கதிரைக் கிடைமட்டமாகக் குறுக்கே செலுத்தினால் கதையே மாறும். உடைந்த எலும்பின் மஜ்ஜையிலிருந்து கசிந்த கொழுப்பு, மூட்டுக்குள் தேங்கிய ரத்தத்தின் மேல் மிதக்கும். முழங்கால் சிப்பிக்கு மேலே அந்த இரண்டுக்கும் நடுவில் ஸ்கேல் வைத்துக் கிழித்தாற்போல் ஒரு கோடு விழும். கீறல் கண்ணுக்குப் படாவிட்டாலும், மூட்டுக்குள் எலும்பு உடைந்திருக்கிறது என்பதற்கு அந்தக் கோடு சாட்சி.

கதிர் மேலிருந்து இறங்கினால் அந்தக் கோடு பதியவே பதியாது. எடுக்கப்படாத படத்தை உலகின் எந்த ரேடியாலஜிஸ்டாலும் படிக்க முடியாது. இங்கே முதல் தீர்மானத்தை எடுத்தவர், எக்ஸ்ரே குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசித்த ரேடியோகிராபர். அந்த யோசனை அவருக்கு நோய்க்குறியியல் தெரிந்ததால் வந்தது. தெரியாதவருக்கு வராது.

தோளை எடுத்துக்கொள்ளலாம். வலிப்பு வந்து விழுந்தவருக்கும் மின்சாரம் தாக்கியவருக்கும் தோள் மூட்டு பின்பக்கமாக விலகுவதுண்டு. முன்பக்க விலகலைப் போல இது நேர்ப்படத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுக்காது. எலும்பின் தலை இருக்க வேண்டிய இடத்திலேயே இருப்பதுபோல் தோன்றும். உட்பக்கமாகத் திரும்பியிருப்பதால் மட்டும் பல்பைப் போல உருண்டையாகத் தெரியும். முதல் நாளில் கண்டுபிடிக்கப்படாமல் வீட்டுக்கு அனுப்பப்படும் காயங்களின் பட்டியலில் இதற்கு எந்தப் பாடநூலிலும் நிரந்தர இடம் உண்டு. அந்த உருண்டையைக் கண்டதும் சந்தேகப்பட்டு, கையைத் தூக்க முடியாத நோயாளிக்கும் எடுக்கக்கூடிய வேறொரு கோணத்தில் இன்னொரு படம் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்பவர், எடுக்கிறாரா, படிக்கிறாரா?

இன்னும் உண்டு. குடலில் ஓட்டை விழுந்திருக்குமோ என்று சந்தேகிக்கப்படுபவருக்கு நின்ற நிலையில் நெஞ்சுப் படம் எடுப்பதற்கு முன்னால் அவரைச் சில நிமிடங்களாவது நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். கசிந்த காற்று உதரவிதானத்தின் அடிக்கு ஏறிவர நேரம் வேண்டும். உட்காரவே முடியாதவரை இடப்பக்கம் கீழாக இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வலப்பக்கம் கீழாக அல்ல. காற்று கல்லீரலின் மேல் வந்து நின்றால்தான் தனியாகத் தெரியும். மறுபக்கம் போனால் இரைப்பையில் இயல்பாக இருக்கும் காற்றோடு குழம்பிவிடும். முழங்கையைச் செங்கோணமாக மடக்காமல் பக்கவாட்டுப் படம் எடுத்தால், முறிவே இல்லாத கையிலும் எலும்புக்குப் பின்னால் கொழுப்புத் திட்டு தலைகாட்டி, மூட்டுக்குள் ரத்தம் கட்டியிருப்பதுபோல் ஏமாற்றும். எம்ஃபிசீமாவால் காற்றடைத்துப் போன நுரையீரலுக்குக் குறைந்த கதிர் போதும். நீர் கட்டிய நெஞ்சுக்குக் கூடுதலாக வேண்டும். இவற்றில் ஒன்றையாவது நோயை அறியாமல் சரியாகச் செய்ய முடியுமா? விதியாக மனப்பாடம் செய்யலாம். விதியில் சொல்லப்படாத நோயாளி வந்து படுத்ததும் அந்த மனப்பாடம் கைவிட்டுவிடும்.

2. "அரைகுறை அறிவு ஆபத்து."

இந்த வாதத்தைச் சொல்லும்போது, இன்றைக்கு மருத்துவமனைகளில் இருப்பது எந்த அறிவு என்று யாரும் கேட்பதில்லை. இரவு பதினொரு மணிக்கு அவசரப் பிரிவில் பணியில் இருக்கும் இளம் டாக்டர், எக்ஸ்ரே அறைக்குள் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, ஏதாவது தெரியுதா?" என்று அனுபவப்பட்ட ரேடியோகிராபரிடம் கேட்பது தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளை அறிந்த எவருக்கும் புதிய காட்சியல்ல. அந்த அண்ணன் பதில் சொல்கிறார். முறையாக யாரும் கற்றுக்கொடுக்காமல், எங்கும் பதிவாகாமல், தவறினால் யாருக்கும் தெரியாமல் அந்தப் பதில் சொல்லப்படுகிறது. அரைகுறை என்றால் அதுதான் அரைகுறை. அதைப் போக்கும் வழி கற்றுக்கொடுப்பது. கற்றுக்கொடுக்க மறுப்பது அதை நிரந்தரமாக்குகிறது.

இந்தத் தடை எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ராண்ட்கன் 1895இல் கதிரைக் கண்டுபிடித்த பிறகு பிரிட்டனில் முதல் கால் நூற்றாண்டு, மருத்துவரல்லாதவர்களும் படமெடுத்துக் கருத்தும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1920இல் ரேடியோகிராபர்களுக்கென்று அங்கே ஒரு சங்கம் அமைந்தது. அந்தப் பத்தாண்டு பாதியைத் தாண்டுவதற்குள் மருத்துவர்களின் அழுத்தத்தால், மருத்துவரல்லாத உறுப்பினர்கள் ரிப்போர்ட் தரக் கூடாது என்று சங்கத்தின் விதியே எழுதப்பட்டது. ரேடியோகிராபர்கள் படத்தைத் தவறாகப் படிக்கிறார்கள் என்று எந்த ஆய்வும் நடத்தி எடுத்த முடிவல்ல அது. இரண்டு தொழில்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட எல்லைக்கோடு. அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடுகள் மருத்துவமனை நிர்வாகத்தை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டன. எல்லைக்கோடும் கூடவே வந்தது.

கோடு போட்ட நாடே பிறகு அதை அழிக்கத் தொடங்கியது. 1971இல் லான்செட் இதழில் கே. ஸ்வின்பர்ன், இயல்பான படத்தையும் இயல்பற்ற படத்தையும் பிரித்தறிய ரேடியோகிராபர்களைப் பயிற்றலாம் என்று எழுதினார். 1980களில் லண்டன் பகுதி மருத்துவமனைகளில், படத்தில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் ரேடியோகிராபர் ஃபிலிமில் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டிவிடும் வழக்கம் வந்தது. 1985இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான பெர்மன் குழுவினரின் ஆய்வு, அவசரப் பிரிவு டாக்டர்களின் கண்ணுக்குத் தப்பியவற்றில் ஒரு பகுதி ரேடியோகிராபர்கள் கண்ணில் பட்டதைக் காட்டியது. இரண்டு பேர் பார்த்தால் தப்புவது குறைகிறது, அவ்வளவுதான் விஷயம். 1992இல் சாக்ஸ்டன் என்ற ரேடியாலஜிஸ்ட், எல்லாப் படங்களுக்கும் ரேடியாலஜிஸ்டே ரிப்போர்ட் எழுதத்தான் வேண்டுமா என்று தன் துறையின் இதழிலேயே கேட்டார். 1990களின் நடுவில் பல்கலைக்கழகங்கள் ரேடியோகிராபர்களுக்கு ரிப்போர்ட் எழுதும் மேற்படிப்பைத் தொடங்கின.

விளைவு? பயிற்சி பெற்ற ரேடியோகிராபர்கள் சாதாரண எக்ஸ்ரேக்களுக்கு எழுதிய ரிப்போர்ட்டுகள் பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டி பிரீலியும் குழுவினரும் 2005இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். கோளாறு உள்ள படங்களில் 92.6 சதவீதத்தை அவர்கள் சரியாகக் கோளாறு என்றும், இயல்பானவற்றில் 97.7 சதவீதத்தை இயல்பு என்றும் சொல்லியிருந்தார்கள். இவை மேற்பயிற்சி பெற்றவர்களின் எண்கள், மாணவர்களுடையவை அல்ல என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மேற்பயிற்சி வெறும் தரையிலிருந்து எழும்பவில்லை. அங்கே பட்டப்படிப்பு முடிக்கும்போதே இயல்பையும் இயல்பற்றதையும் பிரித்தறிய வேண்டும் என்பது பதிவு பெறுவதற்கான தகுதிகளில் ஒன்று. கீழ்ப்படியை உடைத்துவிட்டு மேல்படிக்கு ஆள் வரவில்லை என்று சொல்வதில் பொருளில்லை.

'அவர்கள் தவறு செய்வார்கள்' என்பதும் இந்த வாதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. செய்வார்கள்தான். 2013இல் அமெரிக்காவில் ட்ரூ, வோ, உல்ஃப் ஆகியோர் நடத்திய சோதனையில் 24 ரேடியாலஜிஸ்டுகளிடம் நுரையீரல் சி.டி. ஸ்கேன்களைக் கொடுத்து முடிச்சுகளைத் தேடச் சொன்னார்கள். ஒரு ஸ்கேனில் சராசரி முடிச்சைப் போல 48 மடங்கு பெரிய கொரில்லா உருவம் ஒன்றைச் செருகியிருந்தார்கள். 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் திறமையற்றவர்கள் என்பதல்ல இதன் பொருள். ஒன்றைத் தேடும் கண்ணுக்கு இன்னொன்று படாமல் போவது மனித இயல்பு. படிப்பு அதை முழுதாக நீக்குவதில்லை. அதனால்தான் இரண்டாவது கண் வேண்டும் என்கிறோம். நோயாளியின் பக்கத்தில் நின்று, எங்கே தொட்டால் துடித்தார் என்று நேரில் பார்த்தவரின் கண்ணைவிடப் பொருத்தமான இரண்டாவது கண் எது?

3. "சட்டம் இடம் தராது."

எதற்கு இடம் தராது? பதிவு பெற்ற மருத்துவரல்லாதவர் மருத்துவம் பார்ப்பதற்கு இடம் தராது, அது சரி. ஆனால் பார்த்ததைச் சொல்வதும் மருத்துவம் பார்ப்பதும் ஒன்றா? வார்டில் நோயாளியின் ரத்த அழுத்தம் சரிவதைக் கண்டு டாக்டரை ஓடிப்போய்க் கூப்பிடும் செவிலியர் நோயறிதல் செய்துவிட்டார் என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. கூப்பிடாவிட்டால்தான் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டம், கதிரியல் தொழில்நுட்பத்தையும் தன் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. துணை சுகாதாரத் தொழிலர் என்பவர் நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் துணைநிற்கப் பயிற்சி பெற்றவர் என்பதே அதன் வரையறை. நோயறிதலுக்குத் துணைநில், ஆனால் நோய் எப்படியிருக்கும் என்று மட்டும் தெரிந்துகொள்ளாதே என்று ஒருவரிடம் எப்படிச் சொல்வது?

சட்டத்தைச் சொல்கிறவர்கள் எக்ஸ்ரே அறையின் நடைமுறையை ஒருதரம் கற்பனை செய்து பார்க்கட்டும். மூச்சுத்திணறலோடு ஒரு இளைஞர் நெஞ்சுப் படத்துக்கு வருகிறார். படம் கம்ப்யூட்டர் திரையில் விழுகிறது. ஒரு பக்க நுரையீரல் சுருங்கி வேரோடு ஒட்டிக்கிடக்கிறது. விலா எலும்புகளுக்குள் நுரையீரலின் ரத்தக்குழாய்க் கோடுகளே இல்லாமல் கருப்பாக இருக்கிறது. இதயமும் மூச்சுக்குழாயும் மறுபக்கம் தள்ளப்பட்டிருக்கின்றன. அழுத்தத்தோடு காற்றடைத்த நெஞ்சு இது. நிமிடக் கணக்கில் உயிர் போகும். நோய்க்குறியியல் தெரிந்தவர் அவரை ஸ்ட்ரெச்சரை விட்டு இறங்கவே விட மாட்டார். டாக்டரைக் கூப்பிடக் கை போனுக்குப் போகும். தெரியாதவர் நிலைப்படுத்தல் சரியா, தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்கவில்லையா என்று பார்ப்பார். இரண்டும் சரியாகவே இருக்கும். "வெளியில உக்காருங்க தம்பி, படம் டாக்டர்கிட்ட போயிரும்" என்று அனுப்பிவைப்பார். தன் வேலையைக் குறையில்லாமல் செய்த நிறைவும் அவருக்கு இருக்கும். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூக்கு வழியாக வயிற்றுக்கு இறக்கும் உணவூட்டும் குழாய் இன்னொரு சான்று. அது தடம் மாறி வலப்பக்க மூச்சுக்கிளைக்குள் போய்விடுவதுண்டு. தெரியாமல் அதன் வழியே பாலோ கஞ்சியோ செலுத்தினால் நுரையீரலுக்குள் போகும். பிரிட்டனில் 2005இலும் 2011இலும் இதற்கென்றே நாடு தழுவிய பாதுகாப்பு எச்சரிக்கைகள் விடப்பட்டன; எந்நிலையிலும் நடக்கக் கூடாதவை என்று அங்கே பட்டியலிடப்பட்ட நிகழ்வுகளில் இதுவும் ஒன்று. குழாயின் நுனி எங்கே இருக்கிறது என்று படத்தில் முதலில் பார்ப்பவர் ரேடியோகிராபர். நுனி நெஞ்சின் நடுக்கோட்டில் நேராக இறங்கி, உதரவிதானத்தைத் தாண்டி இடப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று சரிபார்க்கக் கற்றுக்கொடுக்க ஒரு வகுப்பு போதும்.

4. "பாடத்திட்டத்தில் இடமில்லை."

இடம் இருக்கிறது. டிஜிட்டல் எக்ஸ்ரே வந்து இருட்டறைகள் பூட்டப்பட்ட பிறகும், ஃபிலிம் கழுவும் ரசாயனத்துக்குப் பல பாடத்திட்டங்கள் இன்னும் பக்கங்கள் ஒதுக்குகின்றன. அவற்றில் பாதியைக் கொடுத்தாலே எலும்பு முறிவு வகைகளை நன்றாக நடத்திவிடலாம். அமெரிக்காவில் ரேடியோகிராபர் படத்துக்கு விளக்கம் சொல்வதைத் தொழில் நெறிகள் இன்றும் அனுமதிப்பதில்லை; இருந்தும் அந்நாட்டின் தொழில்நுட்பர் சங்கம் வகுத்த பாடத்திட்டத்தில் கதிர்ப்பட நோய்க்குறியியல் தனிப் பகுதியாக இருக்கிறது. ரிப்போர்ட் எழுதும் உரிமையும் நோயை அறியும் தேவையும் வெவ்வேறு கேள்விகள் என்பது, எதிர்க்கட்சி அடிக்கடி மேற்கோள் காட்டும் நாட்டிலேயே தெளிவாக இருக்கிறது.

5. "வேலைக்குப் போனால் தானாக வந்துவிடும்."

வராது. குறைந்தபட்சம், சரியாக வராது. அனுபவம் கற்றுக்கொடுக்க வேண்டுமானால் தான் நினைத்தது சரியா தவறா என்பது ஒருவருக்குத் திரும்பித் தெரிய வேண்டும். ரேடியோகிராபருக்கு அது தெரிவதேயில்லை. பல மருத்துவமனைகளில் சாதாரண எக்ஸ்ரேக்களுக்கு எழுத்து ரிப்போர்ட்டே கிடையாது. படம் கவரில் போட்டு நோயாளியோடு போகிறது, அதோடு சரி. இருபது வருடம் ஒரே தவறைச் செய்துகொண்டிருப்பதற்கும் அனுபவம் என்றே பெயர்.

பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளை கால் புரண்டு வந்திருக்கிறது. சுண்டுவிரலுக்குப் போகும் நீண்ட எலும்பின் அடியில் ஒரு துண்டு தனியாகத் தெரிகிறது. அனுபவசாலி 'முறிவு' என்கிறார். அந்த வயதில் அங்கே வளர்ச்சித் துண்டு ஒன்று இயல்பாகவே தனியாக இருக்கும். அதன் கோடு எலும்பின் நீளவாக்கில் ஓடும். உண்மையான முறிவு குறுக்கே வெட்டும். தெரிந்தவருக்கு ஒரு நொடி வேலை. தெரியாதவர் நூறு பிள்ளைகளைப் பார்த்தாலும் நூறு முறையும் மாவுக்கட்டு என்பார், அல்லது மிக மோசமாக, உண்மையான முறிவையும் 'அங்கே அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுவார். இரண்டாகப் பிரிந்தே வளர்ந்த முழங்கால் சிப்பி, கணுக்காலுக்குப் பின்னால் தங்கிய உபரி எலும்பு, எலும்புக்குள் ரத்தக்குழாய் நுழையும் சாய்ந்த கோடு என்று இயல்பே ஆயிரம் வேடம் போடும். அதனால் நோயைக் கற்பிப்பதன் முதல் பாதி, இயல்பை அதன் அத்தனை வேடங்களோடும் கற்பிப்பது.

6. "இனி எல்லாம் ஏ.ஐ. பார்த்துக்கொள்ளும்."

புதிதாகச் சேர்ந்திருக்கும் இந்த வாதம் மற்றெல்லாவற்றையும்விட வேகமாகப் பரவுகிறது. இதில் உண்மையும் இருக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்டோருக்குக் காசநோய் கண்டறியும் முகாம்களில் நெஞ்சுப் படத்தைப் படிக்க மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. இந்தியாவில் 2024 டிசம்பரில் தொடங்கிய நூறு நாள் காசநோய் இயக்கத்தில் கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவிகள் கிராமங்களுக்குப் போயின.

சரி, அந்த முகாமில் யார் நிற்கிறார்? ரேடியாலஜிஸ்ட் இல்லை. கருவியைப் பிடித்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிப் படமெடுப்பவர் மட்டும் நிற்கிறார். பெரியவர்களுக்குக் காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் உச்சியில் குடியேறும். காறை எலும்பும் முதல் விலா எலும்பும் அதை மறைத்துக்கொள்ளும். அது தெரிந்தவர், உச்சி மறைந்த படத்தை அப்படியே மென்பொருளுக்குத் தள்ளிவிட மாட்டார். நோயாளியைச் சற்றுப் பின்னால் சாய்த்து, காறை எலும்பு மேலேறும்படி இன்னொரு படம் தேவையா என்று யோசிப்பார். உடல் திரும்பியிருந்தாலும் மூச்சு பாதியில் நின்றிருந்தாலும் படம் பொய் சொல்லும். அந்தப் பொய்யையும் மென்பொருள் ஒரு மதிப்பெண்ணாக மாற்றிக் கொடுக்கும்.

மென்பொருள் எதைப் பார்க்கிறது என்பதும் எப்போதும் தெளிவில்லை. நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பழக்கப்பட்ட ஒரு மென்பொருளை ஸெக்கும் குழுவினரும் 2018இல் ஆராய்ந்தார்கள். படம் எந்த மருத்துவமனையிலிருந்து வந்தது என்பதை அது கிட்டத்தட்டத் தவறே இல்லாமல் கண்டுபிடித்தது. படத்தின் மூலையில் டெக்னீஷியன்கள் வைக்கும் உலோக அடையாளம் போன்றவற்றிலிருந்து. நிமோனியா அதிகமாக வரும் மருத்துவமனை எதுவென்று தெரிந்தால், நுரையீரலைப் பாராமலே ஊகித்துவிடலாம் அல்லவா? வேறு மருத்துவமனையின் படங்களைக் கொடுத்தபோது அதன் திறன் சரிந்தது.

மனிதர்கள் அதைத் திருத்துவார்கள் என்றால், திருத்துகிறவருக்கு அறிவு வேண்டும். 2023இல் ஜெர்மனியில் டிராட்ஷும் குழுவினரும் 27 ரேடியாலஜிஸ்டுகளுக்கு மார்பகப் படங்களைக் கொடுத்து, கூடவே ஏ.ஐ.யின் கருத்து என்று சொல்லி வேண்டுமென்றே சில தவறான மதிப்பீடுகளையும் காட்டினார்கள். காட்டிய கருத்து சரியாக இருந்தபோது அனுபவம் குறைந்தவர்கள் ஏறத்தாழ 80 சதவீதம் சரியாகச் சொன்னார்கள்; அது தவறாக இருந்தபோது 20 சதவீதம்தான். மிகுந்த அனுபவசாலிகளும் 82லிருந்து 45க்கு இறங்கினார்கள். படித்துத் தேர்ந்தவர்களையே இயந்திரம் இந்த அளவுக்கு இழுத்துப் போகிறதென்றால், நோய் எப்படியிருக்கும் என்றே தெரியாத ஒருவரைக் கருவியோடு கிராமத்துக்கு அனுப்புவது எந்த வகைப் பாதுகாப்பு? மென்பொருள் பெருகப் பெருக இந்தப் படிப்பின் தேவை கூடுமே தவிரக் குறையாது.

இனி, எதைக் கற்பிப்பது என்ற கேள்வி. பொட்டு ஒட்டுவதோடு நின்றுவிடக் கூடாது என்பது பிரிட்டன் தன் தவறிலிருந்து கற்றது. பொட்டு, கோளாறு எங்கே, என்ன என்று சொல்லாது. பொட்டு இல்லாத படமோ இன்னும் குழப்பம்: ரேடியோகிராபர் பார்த்து இயல்பு என்று முடிவு செய்தாரா, கூட்டத்தில் பார்க்கவே நேரமில்லையா? அதனால் அங்கே தொழில் அமைப்பு 2013 வாக்கில், பொட்டுக்குப் பதிலாக முதற்கட்ட மதிப்பீட்டை ஓரிரு வரியில் எழுதும் முறையை முன்வைத்தது. 'இடது மணிக்கட்டு, ஸ்கேபாய்டு இடுப்பில் குறுக்குக் கோடு, முறிவாக இருக்கலாம்' என்று எழுத ஒருவர் எலும்பின் பெயரும் இடமும் கோட்டின் போக்கும் தெரிந்து, தன் சந்தேகத்தின் அளவும் தெரிந்திருக்க வேண்டும். அந்த வரியை எழுதப் பழகுவதே பாடம்.

நோயாளியிடம் என்ன பேசுவது என்பதும் பாடத்தில் வர வேண்டும். மேசையை விட்டு இறங்குவதற்குள் "தம்பி, எலும்பு ஏதும் ஒடைஞ்சிருக்கா?" என்று அம்மா கேட்பார். நோயைப் படிக்காத மாணவர் "எனக்குத் தெரியாதும்மா" என்பார், அல்லது தெரிந்ததுபோல் ஏதாவது சொல்லிவைப்பார். படித்தவருக்குத் தன் எல்லையும் தெரியும். "படம் தெளிவா வந்திருக்கும்மா, இப்பவே டாக்டருக்குக் காட்டிடுறேன், அவரே விவரமா சொல்வார். அதுவரைக்கும் கையை ஊன்ற வேண்டாம்" என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் தான் பார்த்ததைச் சொல்வார். போலி மருத்துவர்கள் உருவாவார்கள் என்று அஞ்சுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எல்லை எங்கே என்று கற்பிக்கப்படாதவர்தான் எல்லை மீறுவார்.

யார் கற்பிப்பது? 1934இல் திறக்கப்பட்ட சென்னை பர்னார்டு கதிரியல் நிலையம் தொடங்கி, தமிழ்நாட்டின் மருத்துவக் கல்லூரிகளில் ரேடியாலஜி முதுநிலை மாணவர்களும் ரேடியோகிராபி மாணவர்களும் ஒரே துறைக்குள்தான் படிக்கிறார்கள். முதுநிலை மாணவர்கள் படங்களை விவாதிக்கும் வகுப்பில் வாரம் ஒரு மணி நேரம் இவர்களையும் உட்காரவைக்கப் புதிய கட்டடமோ புதிய பணியிடமோ தேவையில்லை. பயிற்சி ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் தான் எடுத்த படங்களுக்குத் தன் மதிப்பீட்டை எழுதிவைத்து, பிறகு டாக்டரின் முடிவோடு ஒப்பிட்டு, பிழைகளைக் குறித்த பதிவேட்டில் துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று விதி செய்யலாம். செய்முறைத் தேர்வில் நிலைப்படுத்தலுக்கு மட்டும் மதிப்பெண் போதாது. அதோடு இருபது படங்களை மேசையில் வைத்து, எவை இயல்பு, எவை அல்ல, எவற்றுக்கு இன்னொரு கோணம் வேண்டும், எதற்கு உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்கட்டும். அந்த நான்காவது கேள்வியில் தவறியவரை, மற்ற எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாலும், தேர்ச்சி பெறச் செய்யக் கூடாது.